அவன் மாலை போடாத வருடம்

எங்கள் துணை சுகாதார நிலையத்தின் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குத் தகரக் கதவு. அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குத் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் உள்ளே நிற்பவரின் பாதம் வெளியே தெரியும். கதவை மாற்றித் தரும்படி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். அந்தக் கதவு எனக்கு வேறொரு வேலைக்குப் பயன்பட ஆரம்பித்திருந்தது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா, இளம்பெண்களுக்கு அக்கா. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு நடுவே கிடக்கும் நாலைந்து ஊர்களில் யாருக்கு நாள் தள்ளிப் போனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடை பார்ப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், சிறுநீர் பரிசோதிப்பேன். இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, போன வாரம் கொடுத்ததை முழுங்காமல் அலமாரியில் போட்டு வைத்ததற்காகத் திட்டுவேன். திட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

இதோடு ஒரு வருடம் புதிதாக ஒரு வேலை சேர்ந்தது. திண்டுக்கல்லுக்கு எங்களை வரச்சொல்லி ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளிடம் வீட்டில் அடி உதை உண்டா என்று இனிமேல் கேட்க வேண்டும். கர்ப்ப காலத்தில்தான் பல பெண்களுக்கு அடி ஆரம்பிக்கிறது அல்லது கூடுகிறது, அது தாயையும் குழந்தையையும் பாதிக்கிறது என்று வகுப்பெடுத்த அம்மாள் விளக்கினார். நல்ல மனுஷி. மனதிலிருந்து பேசினார். கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், கூட யாரும் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் இருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

எங்கள் பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தனியே எங்கும் அனுப்புவதில்லை. காத்து கருப்பு அண்டிவிடும் என்று தலையில் வேப்பிலை செருகி, மாமியாரோ நாத்தனாரோ புருஷனோ கூடவே வருவார்கள். வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பதும் கிடையாது. எடை மெஷினில் அவள் ஏறினால் முள்ளை முதலில் பார்ப்பது மாமியார்தான். நான் வயிற்றில் கை வைத்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பையனா என்று கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது அவருக்கு.

முதல் சில வாரம் அச்சடித்துக் கொடுத்த கேள்வியையே கேட்டுப் பார்த்தேன். "உங்கள் கணவரோ குடும்பத்தினரோ உங்களை உடல்ரீதியாகத் துன்புறுத்துகிறார்களா?" பதில் மாமியாரிடமிருந்து வரும். "எங்க வீட்டுலயா? நாங்க தாங்கு தாங்குன்னு தாங்குறோம் நர்சம்மா." புருஷன் கூட வந்திருந்தால் அவன் சிரிப்பான். தப்பித்தவறித் தனியாக வந்த ஒரு பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள். "துன்புறுத்தல்லாம் இல்லக்கா. கோவம் வந்தா ரெண்டு போடுவாரு, அம்புட்டுத்தான்."

அப்போதுதான் கழிப்பறை நினைவுக்கு வந்தது. சிறுநீர்க் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பினால் எந்த மாமியாரும் பின்னால் வருவதில்லை. நான் மட்டும் "வழுக்கும், பாத்துப் போ" என்று சொல்லிக்கொண்டே கூடப் போவேன். அவள் உள்ளே போய்க் கொண்டி போட்டதும் வெளியே நின்று, தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து என் பாஷையில் கேட்பேன். "வீட்டுல கை நீட்டுறாகளா?" முகம் பார்க்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. எனக்கும்தான். சிலர் சட்டென்று "ஆமாக்கா" என்றார்கள், பேருந்து போய்விட்டதா என்று கேட்டால் சொல்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. அதை நினைக்கும்போது ஏதோ பந்தயத்தில் பரிசு வாங்கியவள் மாதிரி எனக்கொரு பெருமை வரும். அடிக்காததெல்லாம் ஒரு பெருமையா என்று உடனே எரிச்சலும் வரும்.

அவள் வந்தது ஐப்பசி மாதம். அடைமழை. ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒல்லியான பெண். புருஷன் குட்டியானை வண்டி வைத்திருந்தான். முருங்கைக்காயும் பூவும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திண்டுக்கல் சந்தைக்குப் போய்விடுவான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "அக்கா, காய் எடுத்துக்கங்க" என்பான். அந்த ஊரில் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசும் ஆம்பளை வேறு யாரும் இல்லை. இவனெல்லாம் அடிக்கிற ஆள் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடமைக்குத்தான் அவளிடம் கேட்டேன்.

கதவுக்கடியில் அவள் பாதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. பிறகு சொன்னாள்.

"வயித்துல இல்லக்கா. இந்தத் தடவ முதுகுலதான்."

அந்த 'இந்தத் தடவ' என்னை உலுக்கிவிட்டது. போன மாசியில் அவளுக்கு ஒரு கரு கலைந்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக மாமியார் சொல்லியிருந்தார். நான் அதை நம்பி, பாசி படியாமல் தேய்த்துக் கழுவச் சொல்லி அந்த அம்மாவைத் திட்டிவிட்டு வந்திருந்தேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை அவளுக்குச் சொன்னேன். டவுனில் இப்படிப்பட்ட பெண்களுக்கென்று ஒரு மையம் இருக்கிறது, போன் செய்தால் போதும், நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

"அங்க எத்தன நாளு இருக்கலாம்?"

"கொஞ்ச நாளு."

"அப்பறம்?"

அப்புறத்துக்கு எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. என் நிலைமை அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். அவளே எனக்கு ஆறுதல் சொல்கிற தோரணையில் தன் கணக்கைச் சொன்னாள். வளைகாப்பு போட்டுவிட்டால் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். அதுவரைக்கும் வயிற்றில் இருப்பதைக் காப்பாற்றிவிட்டால் போதும். ஏழாம் மாதம் மார்கழியில் வருகிறது, மார்கழியில் வளைகாப்பு போட மாட்டார்கள். எட்டு இரட்டைப்படை. அதனால் ஒன்பதாம் மாதம், மாசியில்தான்.

"மாசி வரைக்கும் எப்பிடி?" என்றேன்.

"மார்கழி பொறந்ததும் மாலை போட்டுருவாருல்லக்கா," என்றாள். அவள் குரலில் முதல்முறையாகத் தெம்பு இருந்தது.

வருடா வருடம் அவன் பழனிக்கு மாலை போட்டு, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவன். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் குடிக்க மாட்டான், கறி தின்ன மாட்டான், தரையில் தனியாகப் படுப்பான். பெண்டாட்டியைக்கூடச் சாமி என்றுதான் கூப்பிடுவான். சாமி, தண்ணி கொண்டு வாங்க சாமி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் முதுகு ஆறியிருந்த காலம் என்றால் அதுதான். மாலையைக் கழற்றியபின் ஆரம்பித்துவிடும். போன வருடக் கரு போனதும் பூசம் முடிந்து அவன் மாலையைக் கழற்றிய வாரத்தில்தான். அவள் மாசமாக இருந்தது அப்போது யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

ஆக, கார்த்திகையை நாங்கள் எப்படியாவது ஓட்டினால் மார்கழியையும் பூசத்தையும் முருகன் பார்த்துக்கொள்வார். பூசத்துக்கும் மாசி வளைகாப்புக்கும் நடுவில் உள்ள கொஞ்ச நாளுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும். இப்படியொரு திட்டத்தைப் பயிற்சியில் போய்ச் சொன்னால் அந்த அம்மாள் அழுதிருப்பார். ஆனால் எங்களிடம் இருந்த உருப்படியான திட்டம் அதுதான்.

கார்த்திகையில் ரத்தம் குறைவு என்று சொல்லி அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிரிப் ஏற்ற அடிக்கடி வரச்சொன்னேன். குறைவு என்பது பொய்யுமில்லை. அங்கிருந்த டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, தேவைக்கு அதிகமாகவே படுக்க வைத்து அனுப்பினார். பகலில் அந்தக் கட்டிலில் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மாதுளை உரித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. மகன் கை நீட்டும்போது அடுப்படிக்குள் போய்விடுவார், அவ்வளவுதான்.

ஒருநாள் அவளே கேட்டாள். "அம்மாட்ட நீங்க பேசுறீகளாக்கா? நான் சொன்னா, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்னு சொல்லும். நர்சு சொன்னா நம்பும். கொஞ்சம் முன்னாடியே வந்து கூட்டிக்கிட்டாகன்னா நல்லது."

பேசினேன். அவளுடைய அம்மா விதவை, காய்கறி மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. மகன் மருமகளோடு இருந்தார். போன வருடக் கரு எப்படிப் போனது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, எம்புள்ளையே சொல்லுச்சுங்களா?"

"அவதான் சொன்னா. முன்னாடியே கூட்டிட்டுப் போயிருங்கம்மா."

"வளையல் போடாம எப்படீங்க கூட்டியாறது? வாழாவெட்டின்னு பேசுவாங்களே. மவன் என்னங்க சொல்லுவான்? நான் வந்து பேசிப் பாக்கறனுங்க."

வருகிறேன் என்றதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அன்றைக்கு வீட்டில் மகிழ்ச்சியாக மீன் குழம்பு வைத்தேன்.

அவர் வந்தார். கார்த்திகைக் கடைசியில், ஒரு பை நிறையக் காயும் பழமும் தூக்கிக்கொண்டு வந்து, சம்பந்தி வீட்டில் ஒருவேளை சாப்பிட்டு, பேசிவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை மாமியார் வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"எஞ் சம்பந்தியம்மாதான் கண்ணத் தொறந்து விட்டுச்சு நர்சம்மா. போன வருசம் இவ வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அவன் மலை ஏறிட்டான். மொட்டை வேற போட்டான். அதுல போனதுதானாம் அது. ஜோசியர்ட்ட கேட்டுட்டே வந்துருச்சு. அதுனால இந்த வருசம் மாலை வேணாம்னு சொல்லிட்டோம். அவனும் சரின்னுட்டான்."

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் மலை ஏறக் கூடாது, முடி இறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் உள்ள வழக்கம்தான். பழனிதானே, நம்ம முருகன்தானே என்று அதைக் கண்டுகொள்ளாமல் போகிறவர்களே அதிகம். காத்தாவது கருப்பாவது என்று வருடக்கணக்காக அந்த ஊர்ப் பெண்களை வைது கொண்டிருந்த நான், ஒரு ஆம்பளையைப் பாதயாத்திரைக்கு அனுப்பச் சொல்லி அந்த அம்மாவிடம் கெஞ்சினேன். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, வேண்டுதலை நிறுத்துவதுதான் தப்பு என்றேன். முருகன் கோபித்துக்கொள்வார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"படிச்ச பொம்பள நீங்களே இப்பிடிச் சொல்லலாமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்று அவர் என்னைக் கண்டித்துவிட்டுப் போனார்.

தாய்க்காரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். நான் சொன்னது என்ன, நீங்கள் செய்தது என்ன என்று கேட்டேன். அவர் என்னை நிறுத்தவில்லை. நான் முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"அடிக்காதீங்கன்னு நான் எப்படீங்க அவங்க ஊட்டுல போயிக் கேக்கறது? பொண்ணக் குடுத்தவளுங்க நான். மலை ஏறாதீங்கன்னா கேக்கலாமுங்க."

அந்த அம்மாவுக்கு மகள்மேல் உயிர். கேட்கும் உரிமையில்லாமல் போய் நின்ற வீட்டில் தன் வாயால் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்தியாகப் பஸ் ஏறியிருக்கிறார். போனை வைத்துவிட்டு அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்கழி பிறந்தது. ஊரில் அவன் வயசுக்காரர்கள் எல்லாரும் பச்சை வேட்டியும் மாலையுமாகத் திரிந்தார்கள். விடியலில் பஜனைப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கும். இவன் மட்டும் வெறுங்கழுத்தோடு வண்டி ஓட்டினான். வழியில் பார்த்தபோது, "என்ன தம்பி, இந்த வருசம் மாலை போடலையா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். மனசு மாறமாட்டானா என்ற நப்பாசை.

"எனக்கு ஆசைதான்க்கா. புள்ளைக்காக விட்டுட்டேன்," என்றான். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது. பொண்டாட்டிமேல் எவ்வளவு பாசம் பார் என்று டீக்கடையில் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

கூட்டாளிகள் எல்லாம் விரதத்தில் இருக்க, அவன் தனியாகக் குடித்தான். யாத்திரை போக முடியாத ஆத்திரம் யார்மேல் இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் தகரக் கதவுக்கு உள்ளே அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் "ம்" என்பாள். கட்டிலில் படுக்க வைத்தால் மல்லாக்கப் படுக்க முடியாமல் ஒருக்களித்துக்கொள்வாள். பிள்ளையின் துடிப்பு மட்டும் நன்றாகக் கேட்டது. அதை அவளுக்குக் கேட்க வைப்பேன். சிரிப்பாள்.

பயிற்சியில் சொன்ன மையத்துக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்பினார்கள். வந்த பெண்ணிடம் மாமியார் காப்பி கொடுத்தார், அவன் கைகட்டி நின்று பதில் சொன்னான், அவள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாள். வந்தவர் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசி வரைக்குந்தானக்கா. வளையல் போட்டுட்டாப் போயிருவேன்."

தை நடுவில், பூசம் நெருங்கும்போது, மாமியார் எனக்குப் போன் செய்தார். "குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்துட்டா நர்சம்மா. ரத்தமாப் போகுது."

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். திண்டுக்கல் ரோட்டை எட்டியதும் வண்டி நகரவில்லை. திருச்சிப் பக்கமிருந்து பழனிக்கு நடந்து வரும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பச்சைத் துணியும் காவடியும் பாட்டுமாக எவ்வளவு தூரத்துக்குப் பார்த்தாலும் ஜனம். சைரன் போட்டும் மெல்லத்தான் விலகினார்கள். அவன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டுக்கொண்டே கத்தினான். "சாமி, வழி விடுங்க சாமி. எம்பொண்டாட்டி சாமி. வழி விடுங்க சாமி."

அவள் என் கையைச் சுரண்டினாள். "அழுகுறாருக்கா," என்றாள். அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது எனக்கு. அவளுடைய வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கைக்கடியில் எந்த அசைவும் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை இறந்து பிறந்தது. எப்படி ஆனது என்று டாக்டர் கேட்டதற்கு அவள் வாய் திறக்கும் முன்னே மாமியாரும் அவனும் சேர்ந்து சொன்னார்கள், வழுக்கி விழுந்தாள் என்று. நான் டாக்டரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்லவர், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு அவளிடம் மறுபடியும் கேட்டார். தனியாக வைத்து, அமைதியாக, முறைப்படி. அவள் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, "வழுக்கித்தான் விழுந்தேன்," என்றாள்.

அவளுடைய அம்மா மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். வெங்காயத் தூசி படிந்த விரல்கள்.

"மலை ஏற வேண்டாம்னு சொல்லி நிறுத்திப் போட்டனுங்களே. அவரும் ஏறலீங்களே. அப்பறம் ஏனுங்க இப்படி ஆச்சு?"

நிஜமாகவே பதில் தெரியாமல்தான் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

வளையல் போடாததால் அம்மா வீட்டில் அவளை அந்த மூன்று மாதம்கூட வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாள் வைத்திருந்து, உடம்பு தேறியதும், கூடப் பிறந்தவன் பேச்சைக் கேட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நான் மற்ற பெண்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்பது என் வேலை. பதில்களும் வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி இல்லாமல் இருந்த காலத்தில் எனக்கு நிம்மதியாவது இருந்தது.

போன ஐப்பசியில் அவள் மறுபடி வந்தாள். நாலாம் மாதம். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து மாதுளையை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "இந்த வருசமும் மாலை கெடையாது நர்சம்மா. புள்ள பொறந்தப்பறம் மூணு பேருமாப் போயி மொட்டை போட்டுக்குவோம்னு அவனே சொல்லிட்டான்."

அவளிடம் குப்பியைக் கொடுத்தேன். வழுக்கும், பாத்துப் போ என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். கொண்டி விழுந்தது. கதவுக்கடியில் அவள் பாதம் தெரிந்தது, மெட்டி போட்ட விரல்கள் ஈரத்தில் மடங்கியிருந்தன. கேட்காமல் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு கேட்டேன்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். அது ஓய்ந்தது. கொண்டி லேசாக அசைந்தது, கதவு திறக்கவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"எங்கம்மாவுக்கு மட்டும் போன் பண்ணிராதீக."

"பண்ணல," என்றேன்.